போர்வையும் புளியும்: தமிழ் நாவல்களில் சூழலியல் நோக்கு

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

 

ஓர் இலக்கிய அமைப்பு பத்தாண்டுகள் நிலைத்து நிற்பது எளிய செயலன்று. பெருநகரங்களில் ஆரவாரத்தோடு தொடங்கப்பெற்ற அமைப்புகள் பல, இரண்டாம் ஆண்டு விழாவைக் காணாமலே மறைந்துள்ளன. நெய்க்காரப்பட்டி போன்ற ஒரு சிற்றூரில் மாதந்தோறும் கூடி, படித்த நூலைப் பற்றிப் பேசிக் கலையும் வழக்கத்தை நீங்கள் பத்தாண்டுகள் காத்து வந்திருக்கிறீர்கள். கேட்பவளாகப் பின்வரிசையில் அமர்ந்திருந்த என்னை இன்று பேசுபவளாக மேடையேற்றியுள்ளீர்கள். நன்றி. எனக்குத் தரப்பட்ட தலைப்பு, நாவல்களில் சூழலியல் நோக்கு என்பது. அதனை நம் ஊரிலிருந்தே தொடங்குகிறேன்.

பேகனின் மயில்

இங்கிருந்து சிறிது தொலைவிலுள்ள பழனியைப் பண்டைத் தமிழர் பொதினி என்றும் ஆவினன்குடி என்றும் வழங்கினர். அந்நாட்டை ஆண்ட ஆவியர் குடித் தலைவன் வையாவிக் கோப்பெரும்பேகன். மழைக்காலத்தில் அகவிய மயில் குளிரால் வாடுகிறது என்றெண்ணித் தன் போர்வையை அதற்கு அளித்தவன். கடையெழு வள்ளல்களில் ஒருவனாக அவனைப் பாடநூல்கள் நமக்கு அறிமுகப்படுத்துகின்றன. இயற்கையைப் போற்றிய தமிழன் என்று மேடைதோறும் நாம் காட்டும் முதற்சான்றும் அவனே.

ஆயின் பேகனைப் பற்றி இன்னொரு செய்தியும் புறநானூற்றில் உண்டு. அவன் தன் மனைவி கண்ணகியைத் துறந்து வேறொருத்தியிடம் சென்று வாழ்ந்தான். கபிலர், பரணர், அரிசில்கிழார், பெருங்குன்றூர்கிழார் ஆகிய புலவர்கள் அவன் முன் சென்று நின்றனர். பொன்னும் பொருளும் எங்களுக்கு வேண்டா. உன்னை நினைந்து அழுதுகொண்டிருப்பவளின் துயரைத் தீர்ப்பாயாக என்பதே அவர்கள் வேண்டிய பரிசில். மயிலுக்கு இரங்கியவன், தன் வீட்டு வாயிலில் வழிந்த கண்ணீரைக் காணவில்லை. அதைக் காணச் செய்தவர்கள் புலவர்கள்.

என் உரையின் கருத்து முழுவதும் இந்த ஒரு நிகழ்ச்சியில் அடங்கிவிடுகிறது. இயற்கையின்மேல் இரக்கம் காட்டுவது ஒன்று. நம் செயலால் யாருக்கு என்ன இழப்பு என்று கணக்குப் பார்ப்பது மற்றொன்று. முன்னது போர்வை, பின்னது பொறுப்பு. சிறந்த தமிழ் நாவல்கள் போர்வை வழங்குவதில்லை, கணக்குக் கேட்கின்றன.

திணையிலிருந்து நாவலுக்கு

தொல்காப்பியர் இலக்கியப் பொருளை முதல், கரு, உரி என மூன்றாகப் பகுத்தார். நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்நிலத்தில் தோன்றும் மரம், விலங்கு, பறவை, உணவு, தெய்வம், தொழில் முதலியன கருப்பொருள். மாந்தரின் உணர்வொழுக்கம் உரிப்பொருள். மரத்தையும் தொழிலையும் தெய்வத்தையும் ஒரே வரிசையில் வைத்த இப்பகுப்பு வியப்பிற்குரியது. ஒன்றை உருவினால் மற்றவை சரியும் என்பது அதனுள் பொதிந்த குறிப்பாகும்.

எனினும் அகப்பாடலில் மரம் நிலையாக நிற்கிறது. தலைவியின் துயரைத் தாங்கும் பின்புலமாக அது என்றும் அங்கே இருக்கும். நாவலில் வரும் மரமோ அத்தகையதன்று. அதற்கு உரிமையாளர் உண்டு, குத்தகை உண்டு, விறகுக்கடை விலை உண்டு. அது வெட்டப்படலாம். கருப்பொருள் அழிந்தபின் உரிப்பொருள் என்னவாகும் என்ற வினாவைச் சங்கப் பாடல் கேட்க வேண்டிய தேவை எழவில்லை. நம் காலத்து நாவலுக்கு அது தவிர்க்க இயலாத வினாவாயிற்று.

சாயாவனம்

அவ்வினாவைத் தமிழில் கூர்மையாக எழுப்பியவர் சா. கந்தசாமி. 1960களின் இறுதியில் வாசகர் வட்ட வெளியீடாக வந்தது அவருடைய 'சாயாவனம்'. கதை மிக எளியது. அயல்நாட்டில் பொருளீட்டித் திரும்பிய சிதம்பரம் என்னும் இளைஞன் காவிரிப் பகுதியில் ஒரு பெரும் வனத்தை வாங்குகிறான். அதனை அழித்துக் கரும்பாலை அமைப்பது அவன் திட்டம். அரிவாளோடு இறங்கிக் கொடிகளோடும் முட்களோடும் நாள்தோறும் போராடுகிறான். வெட்டி மாளாத நிலையில் தீயை ஏவுகிறான். மரங்களும் பறவைகளும் விலங்குகளும் எரிந்து போகின்றன. ஆலை எழுகிறது.

இந்நாவலைப் பிற ஊர்களில் கற்பிக்கும்போது கரும்பாலையை விளக்க வேண்டியிருக்கும். இங்கு அத்தேவையில்லை. கரும்பை ஆட்டிச் சாறெடுத்து, கொப்பரையில் காய்ச்சி, பாகின் பதம் பார்த்து இறக்கி, வெல்லமாக உருட்டும் வேலையை உங்களில் பலர் தலைமுறை தலைமுறையாகச் செய்து வருகிறீர்கள். பொங்கலுக்கு முந்தைய வாரங்களில் இவ்வூர்ச் சாலையில் வரும் காற்றே இனிக்கும். சிதம்பரம் நமக்கு அயலான் அல்லன்.

அவனைக் கந்தசாமி கொடியவனாகப் படைக்கவுமில்லை. அவன் உழைப்பாளி, திட்டமிட்டுச் செயல்படுபவன், ஊரார்க்கு வேலையும் கூலியும் தருபவன். ஆசிரியர் அவனைக் கண்டிக்கவும் இல்லை, வாழ்த்தவும் இல்லை. வனம் எரியும்போதுகூட அவர் கண்ணீர் விடுவதில்லை. ஆனால் ஆலை வந்தபின் ஒரு சிறு குறை எழுகிறது. ஊரார்க்கு ஆண்டுதோறும் புளி தந்துகொண்டிருந்த மரங்கள் வனத்தோடு போய்விட்டன. இனிப் புளியை வெளியிலிருந்து வாங்க வேண்டும். அது பழைய புளி போலவும் இல்லை. சர்க்கரை வந்தது, புளி போயிற்று. ஒரு வனத்தின் அழிவை வீட்டுக் குழம்புச் சட்டிக்குள் கொண்டுவந்து வைத்த இந்த இடமே நாவலின் உயிர்நிலை என்பேன்.

ஒரு குடும்பக் கணக்கு

இந்நாவலை நான் முதுகலை வகுப்பில் படித்தேன். படித்துவிட்டு இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை. காரணத்தை இன்று இம்மேடையில் சொல்வது முறையென்று கருதுகிறேன்.

எங்களுக்கு ஒரு மேட்டுக்காடு இருந்தது. நான்கு புளியமரங்கள், பத்துப் பன்னிரண்டு வேம்புகள், வரப்பெங்கும் பனைகள். 1998இல், நான் கல்லூரியில் சேர்ந்த ஆண்டில், என் தந்தையார் அவற்றை விற்று, நிலத்தைச் சமப்படுத்தி, ஆழ்துளைக் கிணறு இறக்கிக் கரும்பு நட்டார். அக்கரும்பு என்னை இளங்கலை படிக்க வைத்தது. முதுகலை படிக்க வைத்தது. முனைவர் பட்ட ஆய்வுக் காலத்தில் விடுதிக் கட்டணம் செலுத்தியது. சூழலியல் பற்றிப் பேச இங்கு வந்திருப்பவளின் பட்டம், வெட்டப்பட்ட மரங்களின்மேல் நிற்கிறது.

ஒரு விடுமுறையில் சாயாவனம் கதையைத் தந்தையாரிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டவர் ஒன்றே ஒன்று கேட்டார்: "ஏம்மா, அந்தக் கதையிலே அவனைத் திட்டி எழுதியிருக்காங்களா?" "இல்லீங்கப்பா" என்றேன். "அப்ப எழுதினவர் விவசாயம் தெரிஞ்சவர்தான்" என்றார்.

அடுப்படியிலிருந்த தாயார் அப்போது வெளியே வந்தார். "உங்க கணக்குலே என் வேப்பங்கொட்டைக் காசை எழுதினீங்களா?" என்று தந்தையாரைப் பார்த்துக் கேட்டார். அவர் விடை சொல்லவில்லை. ஆண்டுதோறும் ஆனி, ஆடியில் வேப்பங்கொட்டை பொறுக்கி, உலர்த்தி, விற்றுச் சிறு தொகை சேர்ப்பது தாயாரின் வழக்கம். அவர் கையில் புழங்கிய ஒரே சொந்தப் பணம் அதுதான். என் பள்ளி நாள்களின் குறிப்பேடுகள் அப்பணத்தில் வாங்கப்பட்டவை. மரம் விற்ற கணக்கில் மரத்தின் விலை இருந்தது. கரும்பின் வருவாய் இருந்தது. கிணற்றுச் செலவு இருந்தது. வேப்பங்கொட்டை இல்லை.

பேகனின் போர்வையைப் பாடநூல் குறித்துவைத்தது. கண்ணகியின் கண்ணீரைப் புலவர்கள் சொல்ல வேண்டியிருந்தது. அன்றுதான் எனக்கு அது விளங்கிற்று.

கொடியவன் இல்லாத கதைகள்

வனத்தை அழித்தவனைப் பகைவனாக்காமல் உறவினனாகக் காண்பது நம் நாவல்களின் தனிச்சிறப்பு. கி. ராஜநாராயணனின் 'கோபல்ல கிராமம்' (1976) அதற்கு ஏற்ற சான்று. ஆந்திர நாட்டிலிருந்து அஞ்சி ஓடிவந்த மக்கள் கரிசல் பகுதியில் காட்டைத் தீயிட்டு விளைநிலமாக்குகின்றனர். ஒரு சமூகம் வேரூன்றிய கதையும் ஒரு காடு வேரற்ற கதையும் அங்கு ஒன்றே. எரித்தவர்கள் அக்கிராமத்தின் முன்னோர். அவர்களை வணங்கிக்கொண்டே அவர்கள் மூட்டிய தீயையும் நாம் நினைவில் வைக்க வேண்டியுள்ளது.

சுந்தர ராமசாமியின் 'ஒரு புளியமரத்தின் கதை' (1966) நகரத்து நாற்சந்தியில் நிகழ்வது. வணிகப் போட்டியும் தேர்தல் பகையும் முற்றி, இறுதியில் மரம் நஞ்சிட்டுக் கொல்லப்படுகிறது. மரம் யாருக்கும் தீங்கு செய்யவில்லை. மாந்தரின் பூசலுக்கு நடுவில் நின்றதே அதன் குற்றம்.

ராஜம் கிருஷ்ணனின் 'குறிஞ்சித்தேன்' (1963) இவற்றுக்கு முற்பட்டது. நீலகிரியின் படுகர் இன மக்களிடையே சென்று, பார்த்து, கேட்டு எழுதப்பட்டது. பன்னிரண்டாண்டுக்கு ஒருமுறை பூக்கும் குறிஞ்சியே அம்மக்களின் வாழ்வை அளக்கும் காலக்கோல். ஒரு பூப்புக்கும் மறு பூப்புக்கும் இடையில் தேயிலை வருகிறது, பணம் வருகிறது, மின்திட்டத்தின் அணைகள் வருகின்றன. கூட்டு வாழ்வு தளர்கிறது. நம் மாவட்டத்துக் கோடைக்கானல் மலையிலும் 2006இலும் 2018இலும் குறிஞ்சி பூத்தது. ஊர்திகளில் சென்று பார்த்துத் திரும்பினோம். குறிஞ்சி பூக்கும் புல்வெளியை நமக்கு வரும் நீரின் தாயாக எண்ணிப் பார்த்தவர் எத்தனை பேர்? அம்மலைச் சரிவிலிருந்து இறங்கும் ஓடைகளே பாலாறு-பொருந்தலாறு, வரதமாநதி, குதிரையாறு அணைகளை நிரப்புகின்றன. சண்முகநதியாய் ஓடி அமராவதியில் கலக்கும் நீரும் அதுவே. மலையின் குறிஞ்சிக்கும் வயலின் கரும்புக்கும் உள்ள உறவு இலக்கண உறவன்று, நீருறவு.

ஆறும் கூலியும்

தொண்ணூறுகளுக்குப்பின் கதைக்களம் ஆலைக் கழிவை நோக்கி நகர்ந்தது. சுப்ரபாரதிமணியனின் 'சாயத்திரை' (1998) திருப்பூரின் சாயநீரையும் நொய்யலையும் பேசிற்று. கழிவுநீர்ச் சிக்கல் தீராத நிலையில் 2011 சனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் அங்குள்ள சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டது. நீதிமன்றத்துக்குப் பதின்மூன்றாண்டுகள் முன்பே நாவல் சாட்சி சொல்லிவிட்டது. தோல் பதனிடும் தொழிலால் நிலத்தடி நீர் கெட்ட திண்டுக்கல்லின் மக்களுக்கு அக்கதை புதிதாகத் தோன்றாது.

இரா. முருகவேளின் 'முகிலினி' (2016) பவானி ஆற்றையும் அதன் கரையில் எழுந்த செயற்கைப் பட்டிழை ஆலையையும் பல பத்தாண்டுகளின் வரலாறாகச் சொல்கிறது. ஆலையால் ஆறு கெட்டது. ஆலையை நம்பி ஆயிரமாயிரம் குடும்பங்கள் வாழ்ந்தன. ஆற்றைக் காக்க எழுந்தவர்களும் வேலையைக் காக்க நின்றவர்களும் ஒரே மண்ணின் மக்கள். இருவர் வழக்கையும் நாவல் கேட்கிறது. நக்கீரனின் 'காடோடி' (2014) நம்மைப் போர்னியோத் தீவின் மழைக்காட்டுக்கு அழைத்துச் செல்கிறது. கதை சொல்பவன் மரம் வெட்டும் நிறுவனத்தில் பணிபுரியும் தமிழன். ஊதியம் பெறும் கையே குற்றவுணர்வோடு எழுதுகிறது.

நம் பக்கத்து வைகையையும் மறத்தலாகாது. வைரமுத்துவின் 'கள்ளிக்காட்டு இதிகாசம்' (2001) வைகை அணைக்காகத் தம் ஊர்களை நீருக்குக் கொடுத்த மக்களின் கதை. 1959இல் திறக்கப்பெற்ற அவ்வணை பலருக்கு வாழ்வளித்தது. பேயத்தேவர் என்னும் முதியவரிடம் அது அனைத்தையும் கேட்டு வாங்கிக்கொண்டது.

தூர் வாருதலே நிலைபேறு

வளங்குன்றா வளர்ச்சி என்ற சொற்றொடர் இன்று அரசாணைகளிலும் தேர்வு வினாத்தாள்களிலும் மலிந்துள்ளது. ஐக்கிய நாடுகள் அவை அமைத்த புருண்ட்லாண்ட் ஆணையம் 1987இல் அதற்குத் தந்த விளக்கம் யாவரும் அறிந்தது: வரும் தலைமுறையின் தேவைக்கு ஊறு செய்யாமல் இத்தலைமுறை தன் தேவையை நிறைவு செய்துகொள்ளுதல். இதனைத் தமிழ் உழவரின் மொழியில் விளக்கிய நாவல், 2019ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி பரிசு பெற்ற சோ. தர்மனின் 'சூல்' (2016).

உருளைக்குடி என்னும் ஊரின் கண்மாயே இந்நாவலின் தலைமை மாந்தர் எனலாம். கரையைக் காப்பது, மடையைப் பார்ப்பது, கோடையில் கரம்பை மண்ணை அள்ளி வயலுக்கு அடிப்பது என எல்லாம் ஊராரின் பொறுப்பாய் இருக்கின்றன. மண் அள்ளுவதால் வயல் செழிக்கிறது; அதே செயலால் கண்மாயும் ஆழமாகிறது. எடுப்பதும் காப்பதும் ஒரே வேலையாக இருந்த காலம் அது. பின்னர் கண்மாய் அரசின் உடைமையாகிறது. ஊரின் கடமை மறைகிறது. சூல் கொண்ட கண்மாய் மலடாகிறது. இயற்கையைத் தொடாமல் விடுவதன்று நிலைபேறு; ஆண்டுதோறும் தூர் வாருவது.

இங்கு ஓர் எச்சரிக்கை கூற விரும்புகிறேன். பழைய கிராமம் பொன்னுலகமாக இருந்தது என்ற மயக்கம் சூழலியல் பேசுவோரை எளிதில் பற்றிக்கொள்கிறது. ஊர்க்குளம் நிறைந்திருந்த நாளில் அதன் படித்துறை எல்லாச் சாதியார்க்கும் திறந்திருக்கவில்லை. நிழல் தந்த தோப்பு, அதில் கூலிக்கு உழைத்தவனுக்கு உரிமை தரவில்லை. பழைய நீரை மீட்போம். பழைய விலக்குகளை மீட்க வேண்டா. இதனை மறந்த நாவல் எத்துணை அழகாக மழையை வருணித்தாலும் அது பேகனின் போர்வையே.

மற்றொரு குறையும் உண்டு. செய்தி சொல்லும் ஆர்வத்தில் சில நாவல்களில் மாந்தர் பேசுவதை நிறுத்தி ஆசிரியர் பேசத் தொடங்கிவிடுகிறார். புள்ளிவிவரம் கதையாவதில்லை. இந்திய ஆங்கில எழுத்தாளர் அமிதவ் கோஷ், பருவநிலை மாற்றத்தை இன்றைய தீவிர நாவல் போதிய அளவு எதிர்கொள்ளவில்லை என்று 2016இல் வெளிவந்த தம் நூலில் வருந்தினார். உலக நாவலுக்கு அது பொருந்தலாம். தமிழில் அந்த வாயில் அடைபட்டிருக்கவில்லை என்பதற்கு மேற்கண்ட நூல்கள் சான்று. நம் வாயில் புளி வழியாகத் திறந்தது, அவ்வளவே வேறுபாடு.

இலக்கிய வட்டத்துக்கு ஒரு வேண்டுகோள்

2016ஆம் ஆண்டு வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. அடுத்த சனவரியில் தமிழக அரசு மாநிலம் முழுவதையும் வறட்சி பாதித்த பகுதியாக அறிவித்தது. அவ்வாண்டு எங்கள் ஆழ்துளைக் கிணறு காற்றை மட்டும் கக்கியது. கரும்பு ஏறத்தாழ ஓராண்டு நிலத்தில் நிற்கும் பயிர். இடையில் நீரில்லையேல் தப்பாது. காய்ந்த சோகையின் நடுவே நின்ற தந்தையார், "அந்த நாலு புளியமரமும் இந்த வெயிலுக்கு ஒண்ணும் ஆகியிருக்காது" என்றார். அது வருத்தமா, கணக்கா என்று நான் கேட்கவில்லை.

கரும்பை விட்டுவிடுங்கள் என்று உங்களிடம் சொல்ல நான் வரவில்லை. கரும்பில் படித்தவளுக்கு அவ்வுரிமை இல்லை. நான் வேண்டுவது வேறு. இந்த வட்டம் தன் அடுத்த பத்தாண்டில் ஒரு பணியை மேற்கொள்ளலாம். இப்பகுதியின் வாய்க்கால்களுக்கும் மடைகளுக்கும் இருந்த பெயர்கள், வெல்ல ஆலையில் வழங்கும் சொற்கள், மறைந்த மரங்கள் நின்ற இடங்கள், நீர் பாய்ச்சியவர்களின் நினைவுகள் ஆகியவற்றைத் திரட்டுங்கள். ஆண்களிடம் மட்டும் கேளாதீர்கள். விறகு சுமந்தவரையும் குடம் சுமந்தவரையும் வேப்பங்கொட்டை பொறுக்கியவரையும் கேளுங்கள். கரும்பு வெட்ட வரும் தொழிலாளரையும் கேளுங்கள். இப்பகுதியின் நாவலை எழுதப் போகிறவர் இங்கேயே, ஒருவேளை இந்த மாணவர் வரிசையிலேயே இருக்கக்கூடும். அவருக்கு அந்த ஏடுகள் பயன்படும்.

என் தாயார் இப்போது வீட்டின் பின்புறம் ஒரு வேம்பை வளர்த்து வருகிறார். சென்ற ஆடியில் கிடைத்த கொட்டை ஒரு முறத்துக்குக் காணாது. அதை விற்க முடியாது என்று எல்லோரும் சொன்னோம். "விக்கிறதுக்கு இல்லே, கணக்குலே எழுதறதுக்கு" என்றார். தந்தையார் தம் கணக்கு நோட்டை எடுத்து, தேதியிட்டு, வேப்பங்கொட்டை ஒரு முறம் என்று எழுதினார்.